நான்காவது குழாய்

அக்கா வீட்டுக் குளியலறைக் கதவு சாத்த வரவில்லை. சின்னவள் இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். கதவின் மேல்மூலை நிலையில் போய் முட்டிக்கொண்டு நின்றது. கீழே ஒரு விரல் நுழையும் அளவுக்குச் சந்து.

"அக்கா, இந்தக் கதவு எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

"அதுவா? ஈரத்துல மரம் ஊதியிருக்கும்டி. தோளால ஒரு முட்டு முட்டு, சாத்திக்கும். உங்க அத்தான் சீவித் தரேன் சீவித் தரேன்னு சொல்லிட்டே இருக்காரு" என்றாள் அக்கா அடுப்படியிலிருந்து.

குளியலறைக் கதவு ஊதாமல் வேறு எந்தக் கதவு ஊதும்? அக்கா சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஊதிய கதவு பக்கவாட்டில் நெடுகப் பிடிக்கும். இது ஒரு மூலையில் மட்டும் இடித்தது. கதவு அப்படியே இருக்க, நிலைதான் ஒரு பக்கமாகச் சாய்ந்த மாதிரி. சின்னவள் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சத்தத்துக்குள் நின்றபடி சுவரின் மூலைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே, பக்கத்து மனையில் தோண்டியிருந்த பெரும் பள்ளத்திலிருந்து பம்புகளின் உறுமல் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

அவளுக்கு மாநகராட்சியில் சுற்றுச்சூழல் ஆய்வுப் பிரிவில் வேலை. நகரத்தில் யார் எதைக் கட்டப் போனாலும், பாலமோ பள்ளிக்கூடமோ, கட்டுவதற்கு முன்னால் அதனால் காற்றுக்கும் தண்ணீருக்கும் மண்ணுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் தூக்கத்துக்கும் என்ன கேடு வரலாம் என்று யோசித்து எழுத வேண்டும். கேடு வராமலிருக்க என்னென்ன நிபந்தனை போடலாம் என்றும் எழுத வேண்டும். அவள் எழுதும் அறிக்கைகளில் ஒரு நல்ல வரி வந்தால் அடுத்த வரி 'ஆனால்' என்று தொடங்கும். அதனால் அலுவலகத்தில் அவளுக்கு 'ஆனாலம்மா' என்று பெயர். ஏதோ எல்லைத் தெய்வத்தின் பெயர் மாதிரி இருக்கிறது என்று அவளே சிரித்துக்கொள்வாள்.

அவள் கணவன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். "நான் உள்ளே இருக்கறதைப் படம் எடுக்கறேன். இவ இன்னும் வராததைப் படம் எடுக்கறா" என்பான் வீட்டுக்கு வருகிறவர்களிடம். "இவளுக்கு வர்ற கவலையில பாதிக்குத்தான் மாநகராட்சி சம்பளம் கொடுக்குது. மீதி நமக்கு இலவசம்."

பக்கத்து மனையில் வரப்போவது மாநகராட்சியின் நீச்சல்குளம். குளத்துக்கு அடியில் இரண்டு தளத்துக்கு வண்டி நிறுத்துமிடம். அந்தக் கோப்பு தன் மேசைக்கு வந்த அன்றே அவள் இயக்குநர் அம்மாவிடம் போய், அந்த இடத்தை ஒட்டிய பழைய நான்கு மாடிக் கட்டடத்தில் தன் அக்கா குடியிருப்பதைச் சொல்லிவிட்டாள்.

"இந்த ஊர்ல யாருக்குத்தான் எங்கேயாவது ஒரு அக்கா இல்ல? நீயே எழுதும்மா" என்றார் இயக்குநர்.

எழுதினாள். அந்தப் பகுதியின் களிமண் ஈரப் பஞ்சு மாதிரி. தண்ணீர் இருக்கும்வரை பருத்து நின்று மேலே உள்ளதைத் தாங்கும், தண்ணீரை உறிஞ்சினால் சுருங்கி அமுங்கும். பள்ளம் தோண்ட வேண்டுமானால் ஊறும் தண்ணீரை பம்பு வைத்து இறைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் மிஞ்சி இறைத்தால் பக்கத்துக் கட்டடத்தின் காலடி மண்ணும் சேர்ந்து வற்றிவிடும். ஆகவே பள்ளத்தைச் சுற்றி நான்கு பக்கமும் பூமிக்குள் குழாய் இறக்கி, உள்ளே நீர்மட்டம் எங்கே இருக்கிறதென்று தினமும் அளக்க வேண்டும். குறித்த அளவுக்குக் கீழே போனால் அன்றே வேலையை நிறுத்த வேண்டும். இதுதான் அவள் போட்ட நிபந்தனை. குழாய் இறக்கியபோது வெயிலில் நின்று நான்கையும் பார்த்துவிட்டு வந்தவள் அவள்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அத்தான் பொக்லைன் ஓட்டுபவர். நெடுநாள் வேலையில்லாமல் இருந்தவருக்கு இந்த நீச்சல்குளப் பள்ளத்தில்தான் வேலை கிடைத்தது. "வீட்டு வாசல்ல இறங்கினா வேலை. இதைவிட என்ன வேணும்?" என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருந்தாள்.

சின்னவள் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அலுவலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிக் கீழே இறங்கினாள். நேரே பள்ளத்துக்குப் போனாள்.

முதல் மூன்று குழாய்களும் இருந்த இடத்தில் இருந்தன. மேலே மஞ்சள் மூடி, மூடிக்குப் பூட்டு. நான்காவது குழாய் அக்கா கட்டடத்தின் சுவரை ஒட்டி இருக்க வேண்டும். அங்கே குழாய் இல்லை. அந்த இடத்தில் ஒரு இரும்புக் கன்டெய்னர் அறை நின்றது. வாசலில் சேறு படிந்த பூட்ஸ் ஜோடிகள். உள்ளே மின்விசிறி ஓடியது.

சைட் என்ஜினியர் வெளியே வந்தான். சரியாகத் தூங்கிப் பல வாரம் ஆனவனைப் போன்ற முகம்.

"இங்க ஒரு கண்காணிப்புக் குழாய் இருந்துதே?"

"இதுக்கு அடியில இருக்கு மேடம். கம்பி இறக்கறதுக்கு இடம் பத்தலை. அதான் ஆபீஸ் ரூமைக் கொஞ்சம் நகர்த்தி வச்சோம்."

"அப்போ எப்படி அளக்கறீங்க?"

"மத்த மூணுலயும் தினமும் அளக்கறோம். எல்லாமே லெவல்லதான் இருக்கு. மூணு சரியா இருந்தா நாலாவதும் அப்படித்தானே இருக்கும்?"

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. பொய் சொல்கிறவனிடம் சண்டை போடலாம். இவன் தான் சொல்வதை மனதார நம்பினான்.

"இதை இப்பவே எடுங்க."

"கிரேன் வேற சைட்டுக்குப் போயிருக்கு மேடம். திங்கக்கிழமை வந்துடும். வந்ததும் முதல் வேலை இதுதான், சரியா?"

"அதுவரைக்கும் பம்பை நிறுத்துங்க."

"நிறுத்தினா பள்ளம் முழுக்கத் தண்ணி ஏறிடும். மேலேர்ந்து எழுத்துல உத்தரவு இல்லாம நான் எப்படி நிறுத்தறது?" அவன் குரல் தழைந்தது. "என் வேலை போயிடும் மேடம்."

அலுவலகத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் தன்னோடு தானே வாதாடிக்கொண்டு வந்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒரு கதவு இடிக்கிறது, அவ்வளவுதான். பழைய கட்டடத்தில் இடிக்காத கதவு எங்கே இருக்கிறது? அக்கா வீடாக இல்லாமல் வேறு யார் வீடாகவாவது இருந்தால் இப்படித் துடித்திருப்பாயா? துடித்திருக்க மாட்டாள். ஏனென்றால் வேறு யார் வீட்டுக் குளியலறைக்கும் அவள் போயிருக்கவே மாட்டாள், விஷயமே தெரிந்திருக்காது. இந்த நினைப்பு வந்ததும் அவள் நடையை எட்டிப் போட்டாள்.

இயக்குநர் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். கெட்டவர் இல்லை அவர். பாம்பும் சாகக்கூடாது, கொம்பும் உடையக்கூடாது என்று இருபது வருடம் அந்த நாற்காலியில் காலம் தள்ளியவர்.

"மூணு குழாய்ல அளவு சரியா இருக்கு. கதவு ஒண்ணு சாத்த வரலை. இதை வச்சு நான் மேயருக்கு என்னன்னு சொல்வேன்?"

"நாலாவது குழாய்ல என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாதுன்னு சொல்லுங்கம்மா. அதுதானே நிபந்தனையே."

"அந்தக் கதவு யார் வீட்டுக் கதவு?"

"எங்க அக்கா வீட்டுக் கதவும்மா."

"அதான் சொல்றேன். நீ எழுதினா அக்கா வீட்டுக்காக எழுதினேன்னுதான் பேசுவாங்க. நான் அன்னைக்கே இதை வேற ஆள்கிட்ட கொடுத்திருக்கணும், தப்பு என்மேலயும் இருக்கு. திங்கக்கிழமை கிரேன் வரட்டும். நம்ம மண்காரர் போய் அளக்கட்டும். அதுவரைக்கும் நீ இதுல தலையிடாதே. வாயையும் திறக்காதே. சரியா?"

மண்காரர் என்பது மண் சோதனைப் பிரிவின் மூத்த அதிகாரி. கூப்பிட்டதும் வந்தார், கேட்டார், தலையாட்டினார், போனார். சனி, ஞாயிறு இரண்டு நாள்தானே என்றார்.

வீட்டில் கணவன் அவள் முகத்தைப் பார்த்ததும் டி.வி.யை அணைத்துவிட்டான். அவள் சொல்லி முடித்ததும் அவன் வழக்கமான கேலியைச் செய்யவில்லை.

"எக்ஸ்ரேல சில சமயம் ஒரு நிழல் தெரியும்" என்றான். "என்னன்னு சொல்ல முடியாது. ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம். டாக்டர்கிட்ட காட்டறவரைக்கும் அந்த ஆளை நடக்க விடமாட்டோம், வீல் சேர்ல உக்கார வைப்போம்."

"என்கிட்ட வீல் சேர் இல்லையே."

"சகலையையும் அக்காவையும் இங்க கூட்டிட்டு வந்துடு. ரெண்டு நாள்தானே."

"மத்தவங்க?"



சனிக்கிழமை காலை அவள் அக்கா வீட்டுக்குப் போனபோது அத்தான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டு, போட்ட ஒரு செருப்போடு வாசலில் நின்றுவிட்டார்.

"நான் தினமும் அந்தக் குழிக்குள்ளதான் இருக்கேன்மா. எனக்கு வராத பயம் உனக்கு ஏன் வருது?"

"குழிக்கு ஒண்ணும் ஆகாது அத்தான். இந்தக் கட்டடத்துக்குத்தான் பயப்படறேன்."

"வேலையை நிறுத்தச் சொல்லிட்டியா?"

"சொன்னேன். இன்னும் நிறுத்தலை."

அவர் மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அதுவரை அடக்கிக்கொண்டிருந்த அக்கா அப்போதுதான் பொரிந்தாள்.

"ஸ்கூல் பஸ் பாலத்து மேல போறப்ப மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பே, ஞாபகம் இருக்கா? எட்டாம் கிளாஸ் வரைக்கும். பாலம் விழுந்துச்சா?"

"விழலை."

"இன்னும் நிக்குது! அவரு வேலைக்குப் போக ஆரம்பிச்சு இப்பதான் மனுஷன் முகத்துல ஒரு களை வந்திருக்கு. அதுல மண்ணள்ளிப் போட வந்துட்டியா? ஊருக்கெல்லாம் பயப்படு, உன் வேலை அது. எனக்குப் பயப்படாதே."

"ரெண்டே நாள் அக்கா. என் வீட்ல வந்து இரு."

"போடி."

சின்னவள் வெளியே வந்தாள். மூன்றாவது மாடிப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். பம்புச் சத்தம் அந்தக் கைப்பிடியிலேயே நடுக்கமாக ஏறி வருவதுபோல் இருந்தது. வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்தார்கள். திறந்தால் வேலைக்கே உலை. திறக்காமல் வீட்டுக்குப் போய் இந்த இரண்டு நாளை எப்படிக் கழிப்பது என்று யோசித்துப் பார்த்தாள். அவளால் முடியும் என்று தோன்றவில்லை.

மேல்மாடி ஏறி முதல் கதவைத் தட்டினாள்.

அங்கே கைக்குழந்தையோடு ஒரு இளம் தம்பதி. அவள் மாநகராட்சி அடையாள அட்டையைக் காட்டிச் சொல்லச் சொல்ல, அந்தப் பெண் பாதியிலேயே உள்ளே போய்க் குழந்தையின் துணிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். எங்கே போவீர்கள் என்று கேட்டதற்கு, "எங்க அம்மா வீட்டுக்குப் போக ஒரு காரணம் கிடைக்காதான்னு பாத்துட்டு இருந்தேன்" என்றாள். புருஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

இரண்டாவது மாடியில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் தனியாக இருந்தார். கதவைத் திறந்து, அவளை உள்ளே கூப்பிடாமலே முழுவதையும் கேட்டார்.

"நீ சொல்றது உத்தரவா, ஆலோசனையா?"

"ரெண்டும் இல்ல சார்."

"பின்னே?"

"பயம் சார். என்னோட பயம். விழும்னு நான் சொல்லலை. விழாதுன்னு சொல்றதுக்கு வேண்டியது என் கையில இல்ல. அவ்வளவுதான்."

"பயத்துக்கெல்லாம் மார்க் கிடையாதும்மா" என்று அவர் கதவைச் சாத்தினார். கதவு நிலையில் இடித்துத் திரும்பி வந்தது. இரண்டாம் தடவை ஓங்கிச் சாத்தினார். இருவருமே அதைக் கவனித்தார்கள். ஆனால் அதற்குள் கதவு மூடிவிட்டது.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா பள்ளிச் சீருடைக் குவியலுக்கு நடுவிலிருந்து நிமிர்ந்தே பார்க்கவில்லை. "பள்ளிக்கூடம் திறக்கப் போகுது. இத்தனையும் தைச்சுக் கொடுக்கணும். மெஷினை யாரு தூக்கறது, உங்க மேயரா?" என்றார். இன்னொரு வீட்டில் சிரித்தார்கள். இன்னொரு வீட்டில், வீட்டுக்காரன் குடிகளைக் கிளப்ப அனுப்பிய ஆளா என்று சண்டைக்கு வந்தார்கள். தட்டிய கதவுகளில் பாதிக்கு மேல் அவளை வெறுங்கையோடு திருப்பி அனுப்பின. ஆனாலும் சாயங்காலத்துக்குள் சில வீடுகளில் பூட்டு தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை இயக்குநர் போனில் கூப்பிட்டார். பின்னணியில் யாரோ பிள்ளைகள் விளையாடும் சத்தம்.

"வீடு வீடாப் போனியா?"

"போனேன்மா."

"மாநகராட்சி சொன்னதா சொன்னியா?"

"மாநகராட்சியில வேலை பாக்கற நான் சொல்றேன்னு சொன்னேன்."

"கேக்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். உனக்குத் தெரியாதா அது?" பிள்ளைகளை அடக்கிவிட்டுத் தொடர்ந்தார். "நாளைக்கு அளவு சரியா இருந்துச்சுன்னா, என்னால உன்னைக் காப்பாத்த முடியாது."

அன்று முழுவதும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அளவு சரியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அக்கா அந்தச் சுவர்களுக்குள் இருக்கிறாள். அடுத்த மூச்சில், சரியாக இருந்தால் தன் கதி என்ன என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே அருவருத்தாள். இந்த இரண்டுக்கும் நடுவில் அரிசி களைந்தாள், துணி மடித்தாள், மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

திங்கட்கிழமை கிரேன் வந்தது. கன்டெய்னரைத் தூக்கி நகர்த்தியபோது அடியில் நசுங்கிய சேற்றுக்கு நடுவே மஞ்சள் மூடி தெரிந்தது. பூட்டு துருப்பிடித்துத் திறக்கவில்லை, சுத்தியலால் உடைத்தார்கள். மண்காரர் அளவு நாடாவைக் குழாய்க்குள் இறக்கினார். அதன் நுனியில் உள்ள குண்டு தண்ணீரைத் தொட்டதும் மேலே உருளையிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வரும்.

நாடா இறங்கியது. சத்தம் வரவில்லை. சைட் என்ஜினியர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். நாடா இன்னும் இறங்கியது. மற்ற மூன்று குழாய்களில் கீச்சென்ற அளவைத் தாண்டியது. அவள் நிபந்தனையில் எழுதிய அளவைத் தாண்டியது. மண்காரர் ஒருமுறை நிறுத்தி, நாடாவை மேலே சுற்றி எடுத்து, பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரில் குண்டை நனைத்துக் கருவி வேலை செய்கிறதா என்று பார்த்தார். செய்தது. மறுபடி இறக்கினார். என்ஜினியரின் கட்டிய கைகள் தாமாகக் கீழே தொங்கின.

வெகு ஆழத்தில் கீச்சென்றது.

"இந்தப் பக்கம் மண்ணே வேற" என்றார் மண்காரர், யாரையும் பார்க்காமல். "அந்த மூணு பக்கமும் எங்கேயோ மணல் கலந்திருக்கு, தண்ணி திரும்ப ஊறிடுது. இங்க ஊறலை." பிறகு என்ஜினியரிடம் திரும்பினார். "பம்பை ஒவ்வொண்ணா நிறுத்து. ஒரேயடியா நிறுத்தாதே. ஆளுங்களை முதல்ல மேல கொண்டு வா."

மண்காரர் இயக்குநருக்குப் போன் செய்வதை அவள் கேட்கவில்லை. அவள் பள்ளத்தின் விளிம்பில் நின்று, அத்தானின் பொக்லைன் சாய்வான மண்பாதையில் ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் அவளைக் கடந்து போகும்போது முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு போனார்.

பம்புகள் ஒவ்வொன்றாக அடங்கின. மதியத்துக்குள் கட்டடத்தைக் காலி செய்ய உத்தரவு வந்தது, இம்முறை எழுத்தில், முத்திரையோடு. வாத்தியார் ஒரு பையும் குடையுமாக இறங்கி வந்தார். தையல்காரம்மாவின் மெஷினை அத்தான் தோளில் வைத்துத் தூக்கிவந்து தெருமுனையில் வண்டியில் ஏற்றினார். அக்கா கடைசியாக வந்தாள். தங்கையின் முன்னால் நின்று, "சாவி" என்று ஒரே வார்த்தை சொன்னாள். சின்னவள் தன் வீட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

கட்டடம் விழவில்லை.

அடுத்த வாரங்களில் அதன் ஒரு மூலை மட்டும் மெதுவாக அமுங்கியது. மாடிப்படித் திருப்பத்தில் தரையிலிருந்து கூரை வரை ஒரு வெடிப்பு ஓடியது. பிறகு தண்ணீர் ஏற ஏற எல்லாம் அடங்கி நின்றது. வெளியூரிலிருந்து வந்த நிபுணர்களில் ஒருவர், இன்னும் கொஞ்ச நாள் இறைத்திருந்தால் அந்த மூலை தாங்கியிருக்காது என்றார். இன்னொருவர், இந்த மாதிரிக் கட்டடங்கள் இதைவிட மோசமாகச் சாய்ந்தும் நிற்கும் என்று படம் போட்டுக் காட்டினார். இருவரும் படித்தவர்கள், இருவரும் தத்தம் சொல்லில் உறுதியாக இருந்தார்கள். சின்னவளுக்கு எது சரி என்று தெரியவில்லை.

நீச்சல்குளம் தள்ளிப்போனது. 'அக்கா வீட்டுக்காக அரசுப் பணியை நிறுத்திய அதிகாரி' என்று ஒரு பத்திரிகை எழுதியது. விசாரணை நடந்தது. கன்டெய்னர் வைத்ததற்கு ஒப்பந்தக்காரர் மேல் ஒரு விசாரணை, அனுமதியில்லாமல் வீடு வீடாகப் போனதற்கு அவள் மேல் ஒரு விசாரணை. கோப்பை அவளிடமே கொடுத்தது தன் முடிவு என்று இயக்குநர் விசாரணையில் எழுந்து நின்று சொன்னார். அதை அவள் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் அவளுக்கு எழுத்துமூல எச்சரிக்கையோடு போயிற்று. கொஞ்ச காலத்துக்குப் பெரிய கோப்புகள் எதுவும் அவள் மேசைக்கு வரவில்லை. விளம்பரப் பலகைகளும் கடைக் கூரை நீட்டல்களுமாக வந்தன. அவற்றிலும் 'ஆனால்' எழுதினாள்.

வீட்டில்தான் பெரும்பாடு. இரண்டு அறையில் நான்கு பேர். அக்கா தங்கையோடு நேரே பேசுவதில்லை. நடுவில் தங்கை மாப்பிள்ளையை வைத்துப் பேசினாள். "குக்கரை எங்க வச்சிருக்காங்கன்னு கேளுங்க" என்பாள், மூவரும் அதே அடுப்படியில் நிற்கும்போதே. அவன் பொறுப்பாகத் திரும்பி, "குக்கரை எங்கே வச்சிருக்கீங்கன்னு கேக்கறாங்க" என்பான். "மேல் தட்டுல இருக்குன்னு சொல்லுங்க" என்பாள் சின்னவள். எக்ஸ்ரே எடுப்பதைவிட இது கஷ்டமான உத்தியோகம் என்று அவன் ஆஸ்பத்திரியில் போய்ப் புலம்பினான்.

அத்தானுக்கு வேறு ஊரில் ஒரு சாலை வேலை கிடைத்தது. வார இறுதியில் வந்து போனார். கிளம்பும்போது ஒருநாள், "நீ பண்ணது தப்புன்னு நான் சொல்லலைம்மா" என்றார் சின்னவளிடம். "எனக்கு அதனால நல்லது ஆகலை, அவ்வளவுதான்." அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் பிழையில்லை.

வாத்தியாரை ஒருமுறை பேருந்து நிறுத்தத்தில் பார்த்தாள். தன் மகன் வீட்டில் இருப்பதாகவும் அங்கே தனக்கென்று ஒரு நாற்காலிகூட இல்லை என்றும் சொன்னார்.

"விழலையே" என்றார் பிறகு.

"விழலை சார்."

"விட்டிருந்தா விழுந்திருக்குமா?"

"தெரியாது சார்."

"கணக்குல 'தெரியாது'ன்னு எழுதினா முட்டைதான்." அவர் பேருந்து வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போன வாரம் சாமான் எடுக்க உள்ளே விட்டாங்க. என் கட்டிலுக்கு மேல சுவர்ல காரை பெயர்ந்து, கட்டில் முழுக்க கல்லு. நான் தலை வைக்கற பக்கம்." அவர் பேருந்து வந்தது. ஏறப் போனவர் திரும்பி, "அன்னைக்கு உன்னை உள்ளே கூப்பிட்டு உக்கார வச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

மழைக்காலம் தொடங்கும் முன் அக்கா ஒரு வாடகை வீடு பார்த்திருப்பதாகச் சொன்னாள். சொன்னது மாப்பிள்ளையிடம். ஆனால் கண் தங்கை மேல் இருந்தது.

"நாளைக்குப் பாக்கப் போறேன். வர்றதுன்னா வரச் சொல்லுங்க. ஆனா வாயைத் திறக்கக் கூடாது."

சின்னவள் போனாள். நல்ல வீடு. பெரிய ஜன்னல்கள், புதுச் சுண்ணாம்பு. வீட்டுக்காரர் அடுப்படி அலமாரியைத் திறந்து திறந்து காட்டினார். அக்கா முகத்தில் பல நாளாகக் காணாத மலர்ச்சி. சின்னவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்காட்சிக்கு வந்தவளைப் போல அறை அறையாக நடந்தாள். ஒரு சுவரையும் தடவவில்லை. பின்கட்டு ஜன்னலருகே மட்டும் ஒரு நொடி நின்றாள். எதிரே ஒரு பட்டறை. அதன் புகைக்குழாய் இந்த ஜன்னலுக்கு நேராக, ஜன்னலின் உயரத்திலேயே முடிந்திருந்தது. அன்று பட்டறைக்கு விடுமுறை. காற்று சுத்தமாகத்தான் இருந்தது.

அவள் நகர்ந்துவிட்டாள். ஆனால் அக்கா பார்த்துவிட்டாள்.

"என்ன?" என்றாள் அக்கா, நேராக அவளிடம்.

"ஒண்ணுமில்லக்கா."

"ஏய். என்னன்னு கேக்கறேன்ல?"

சின்னவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள்.

"வீடு நல்லா இருக்கு அக்கா" என்றாள். "ஆனா..."

அக்கா கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு தோளில் பையை ஏற்றிக்கொண்டு, வீட்டுக்காரரிடம் மிகுந்த மரியாதையோடு, "நாங்க யோசிச்சுச் சொல்றோங்க" என்றாள். படியிறங்கும்போது தங்கையின் முழங்கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"சரி, என்னன்னு சொல்லித் தொலை."